டாலிக்கு ஓர் இரங்கற்பா

பாவசங்கீர்த்தனம் என்றால், கறி ஆகாத வெள்ளிக்கிழமைகளில் வாத்துக்கறி தின்றதை முதலில் சொல்லிவிடுகிறேன், சாமி. இங்கிலாந்தில் இருந்த காலம் முழுக்கத் தின்றேன். வாட்டியது, வதக்கியது, வயிற்றில் ஆப்பிள் திணித்துச் சுட்டது. எத்தனை என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கை வாத்துகள்தான் சொல்ல முடியும்.

உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்ததற்கு மன்னிக்க வேண்டும். கால் மட்டும் ஒழுங்காக இருந்தால், குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உங்கள் கோயிலுக்கு நானே வந்து முழந்தாளிட்டிருப்பேன். பாருங்கள், கட்டைவிரல் சுரைக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. முட்டிபோட்டால் என்னை எழுப்ப டப்ளின் நகரத்தில் பாதிப்பேர் வர வேண்டியிருக்கும். உட்காருங்கள். ஒயின் நல்ல ஒயின். குடித்துக்கொண்டே கேட்கலாம்.

இரண்டாவது, வேதம் மாறியது. நீங்கள் சின்னவர், அந்தக் காலம் உங்களுக்குத் தெரியாது. நம் கத்தோலிக்க ஆட்கள் ஒரு நல்ல குதிரை வைத்திருந்தால்கூட, எவனாவது புராட்டஸ்டண்ட் வேதத்துக்காரன் வந்து ஐந்து பவுனை மேஜையில் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சட்டம் இருந்தது. வெஸ்ட்மீத்தில் எங்கள் அப்பாவுக்கு இருந்தது பாதி சதுப்பு, பாதி வழக்கு. எனக்கு இருந்தது பெரிய உடம்பும் பெரிய குரலும். பாராளுமன்றத்தில் உட்கார வேண்டுமென்றால் அவர்கள் கோயிலில் போய் அப்பம் வாங்க வேண்டும். வாங்கினேன். ஊரே காறித் துப்பியது. என் அம்மா மட்டும் துப்பவில்லை.

"எம்புள்ள பொழைக்கப் போறான். பொழச்சு முடிச்சதும் திரும்பி வந்துருவான்னு மாதா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னாளாம்.

இதோ வந்துவிட்டேன். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

மூன்றாவது, சொத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டது. இதைப் பாவம் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஏனென்றால் என்னைப்போல் சந்தோஷமாக வாழ்ந்த கணவன் அந்த நாட்டில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளம் இருக்கிறது. பணக்காரர்கள் பழுப்பு நிற அங்கி மாட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஒருவர் நோயை ஒருவர் விசாரிப்பார்கள். பெண்கள் ஒரு சின்ன மரத்தட்டில் கைக்குட்டை, பொடிடப்பா எல்லாம் வைத்துக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுவார்கள். ஒரு நாள் அப்படி ஒரு தட்டு கயிறு அறுந்து என்னை நோக்கி வந்தது. பிடித்தேன். எதிரே ஒரு பெரிய, சிவந்த, சிரித்த முகம்.

"திருடப் போறியா, கொண்டாந்து குடுக்கப் போறியா?" என்றாள்.

"உங்க கண்ணைப் பாத்ததும் கை தானா நீண்டுடுச்சும்மா."

"எந்தக் கண்ணை?"

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றது தூரத்தில் வாத்தியம் வாசிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைத் திருப்பி நீட்டினேன்.

"அயர்லாந்துக்காரனா?"

"பேச்சுலயே தெரியுதா?"

"பேச்சுல இல்ல. இவ்ளோ பேர் நடுவுல பணக்கார விதவை எங்க உக்காந்திருக்கான்னு தண்ணிக்கடியிலயே மோப்பம் பிடிச்சு வந்தியே, அதுல."

அவள்தான் டொரத்தியா ஸ்பர்லிங். நான் டாலி என்று கூப்பிடுவேன். பீர் காய்ச்சியே பெரும் பணக்காரனாகி, பீர் குடித்தே செத்துப்போன ஸ்பர்லிங்கின் மனைவி. என்னைவிட மூத்தவள். எஸ்ஸெக்ஸில் பின்ஃபோர்ட் என்ற ஊர் அவளுடையது. ஊர் என்றால் மாளிகை மட்டும் இல்லை, சாமி. அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லோரும் அவள் வீடுகளில் குடியிருந்தார்கள். பின்ஃபோர்டைக் கட்டிக்கொள்கிறவன் பாராளுமன்ற நாற்காலியையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறான்.

அதே குளத்தில் வைத்து நான் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவள் முகத்தை மூடிக்கொண்டு வெட்கப்படவில்லை.

"நான் குண்டு, வயசானவ. நீ எதுக்காக வர்றேன்னு எனக்குத் தெரியும். நான் எதுக்காக ஒத்துக்கறேன்னு உனக்குத் தெரியுமா?"

"என் கவிதைக்காகவா?"

அவள் சிரித்த சிரிப்பில் குளத்தில் அலையடித்து, பக்கத்திலிருந்த பாதிரியார் ஒருவர் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்கினார்.

"உன் கவிதை கழுதை கத்துற மாதிரி இருக்கு மைல்ஸ். ஆனா அந்தக் கழுதை சந்தோஷமா இருக்கு. வீட்டுல அப்படி ஒண்ணு வேணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை."

தேர்தலுக்கு அவளே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கசாப்புக்காரனை முத்தமிட்டாள். கசாப்புக்காரன் மனைவியையும் முத்தமிட்டாள். ஜெயித்தேன். லண்டனில் நான் எழுந்து வாய் திறந்தால் சபை சிரிக்கும். என் உச்சரிப்பில் 'வரி' என்பது 'வறி' என்று வரும். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கிறவன் எதிர்த்து ஓட்டுப் போடுவது அபூர்வம். ஒவ்வொரு அமைச்சருக்கும் நான் வேண்டியவனாக இருந்தேன். யாருக்கும் முக்கியமானவனாக இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் முள் ஒன்று உண்டு என்றால் அது கவிதை. ஒரு புத்தகம் அச்சிட்டேன். அதில் ஒரு பாட்டு மட்டும் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். உடனே, அதை எவனோ பசித்த கவிஞனுக்குச் சோறு போட்டு எழுதி வாங்கியிருப்பான் இந்த மைல்ஸ் டெவனிஷ் என்றும் சொன்னார்கள். அபாண்டம். அதை நான்தான் எழுதினேன். டாலி அங்கங்கே பென்சிலால் தொட்டிருப்பாள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. வைத்தியர் பிம்லெட் நாடியைப் பிடித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "மனசைத் தேத்திக்குங்க ஐயா" என்றார். நான் தேற்றிக்கொள்ளவில்லை. அழுதேன். அழுதபடியே படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கவிஞன் வேறென்ன செய்வான்?

"என்ன கிறுக்குற?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல டாலி."

"எனக்கு இரங்கற்பாவா?"

"ஆமா."

"நான் போறதுக்குள்ள முடிச்சிரு. எனக்குக் கேக்கணும்."

வாசித்தேன். 'அன்னம்போல் மிதந்து சென்றாள்' என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, பணிப்பெண் ஹெஸ்டர் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"நான் மிதந்தா குளத்துத் தண்ணி கரை தாண்டிரும். உண்மையா ஏதாவது எழுது மைல்ஸ், ஒரு தடவையாவது."

அன்று மாலைவரை காய்ச்சலில் ஏதேதோ முனகிக்கொண்டிருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஷ்கோம் பிரபு வேட்டைக்கு வந்த வழியில் எங்கள் வீட்டில் இறங்கினார். நாக்கில் விஷம் உள்ளவர். லண்டனில் என்னைப்பற்றிய பாதிக் கேலிகள் அவர் வாயில் பிறந்தவை. மேலே டாலி நினைவில்லாமல் கிடக்கிறாள்; சாயங்காலம் தாண்டமாட்டாள் என்று பிம்லெட் சொல்லிவிட்டார். கூடத்தில் பிரபுவுக்கு அந்தக் கவிதையை வாசித்துக் காட்டினேன். முதல் பக்கங்களில் அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நான்கு வரிகள் இவை:

படுக்கையில் பாதி இனி உனக்கே;
பழக்கத்தில் கையை நீட்டாதே.
சிரிப்புச் சத்தம் கேட்டால் எழுந்து வராதே,
காற்றுதான் அது. கதவைச் சாத்திவிட்டுத் தூங்கு.

ஆஷ்கோம் அழுதுவிட்டார், சாமி. தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். "டெவனிஷ், இத்தனை நாளா உன்னைத் தெரிஞ்சுக்காம போயிட்டேன்யா" என்றார். ஒரு பிரதி எழுதி வாங்கிக்கொண்டு, வேட்டையை விட்டுவிட்டு லண்டனுக்கே திரும்பிப் போனார். அவள் போய்விட்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சில மணி நேர வித்தியாசத்துக்காக ஒரு பிரபுவை வாசலில் நிறுத்தி வைப்பது முறையாகப் படவில்லை.

அச்சானது. லண்டன் முழுக்க அழுதது. இறந்தவளே கணவனோடு பேசுவதுபோல் முடித்த உத்தி புதுமையானது என்றார்கள். துக்கம் விசாரித்து, கறுப்பு அரக்கு முத்திரையோடு தபால் வந்து குவிந்தது. அமைச்சர் தம் கையாலேயே எழுதியிருந்தார். என் துயரத்துக்கு ஆறுதலாக வைகவுண்ட் என்ற பிரபுப் பட்டத்துக்கு என் பெயரை அரசரிடம் சொல்லியிருப்பதாக.

அவை வந்து சேர்ந்த காலையில் டாலி எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டாள்.

இரண்டு மூன்று வாரத்தில் கோழிக்கால், வாத்துக்கால் என்று முன்னேறினாள். பிம்லெட், தம் மருந்தின் வேலை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். அதை நீங்கள் நம்ப வேண்டும். படுக்கை முழுக்க அந்தக் கறுப்பு முத்திரைத் தாள்களைப் பரப்பிக்கொண்டு அவள் படித்துப் படித்துச் சிரித்தாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

"இந்தப் பிஷப் சீட்டாட்டத்துல என்னை ஏமாத்துனவன். இப்ப பாரு, நான் தேவதையாம். இவளப் பாரு மைல்ஸ், என் முதுகுக்குப் பின்னால என்னைப் பீப்பாய்னு சொன்னவ. 'கொடி போன்ற இடை'ங்கறா."

அவள் பிழைத்ததை லண்டனுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வசந்தத்தில் ஆஷ்கோம் வீட்டில் பெரிய விருந்து. அமைச்சர் உட்பட எல்லோரும் வருவார்கள். நான் அந்தக் கவிதையை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. டாலி வெள்ளை உடை தைக்கச் சொன்னாள். முகத்துக்கு மாவு பூசிக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

"நீ வாசிக்க ஆரம்பி. நான் மாடிப்படியில மெதுவா எறங்கி வரேன். எத்தன சீமாட்டி மயங்கி விழறாங்கன்னு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"டாலி, என் கவிதை என்ன ஆகும்?"

"அது எங்க போகும்? நான் உசுரோட இருந்தா கெட்டா போயிடும்?"

இந்தக் கேள்வியை நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். தோட்டத்தில் நடந்துகொண்டே யோசித்தேன். கெட்டுத்தான் போகும் என்றே பட்டது. இரங்கற்பாவுக்கு முக்கியமான இலக்கணம் ஒன்றுதான், சாமி. அது பிழைத்தால் மற்றது எதுவும் தேறாது. வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு சபை இப்போதுதான் தொப்பியைக் கழற்றியிருந்தது. மறுபடி சிரித்தால், இந்தமுறை நிறுத்தவே மாட்டார்கள்.

அவளுடைய நிலையிலிருந்தும் பார்த்தேன். மனிதர்கள் எப்படி, எப்போது போவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அவள் மெதுவாகக் கிழவியாகி, கைகால் விழுந்து, யாரும் கவனிக்காத ஒரு நாளில் போயிருக்கலாம். இப்போதோ ஒரு நாடே அவளுக்காக அழுது முடித்திருக்கிறது. இந்தப் பாக்கியம் மகாராணிகளுக்குக் கிடைப்பதில்லை.

இருமலுக்கு அபின் கலந்த மருந்து ஒன்றை பிம்லெட் கொடுத்திருந்தார். அளவு சொல்வதில் அவர் சிக்கனக்காரர். நான் அப்படியில்லை. நல்ல வெயில் அடித்த ஒரு பிற்பகலில் ஒயினைச் சூடாக்கி, சர்க்கரையும் ஜாதிக்காயும் போட்டு, நானே கலந்து எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் திறந்திருந்தது. தோட்டக்காரன் வேலையாட்களைத் திட்டும் சத்தம் கேட்டது. டாலி வெள்ளை உடையை மடியில் போட்டுக்கொண்டு பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, நீயே கொண்டாந்திருக்க? ஹெஸ்டர் எங்க?"

"கீழ வேலையா இருக்கா."

அவள் நிமிர்ந்தாள். ஒரு கண் என்னைப் பார்த்தது. ஒரு கண் கோப்பையைப் பார்த்தது. எந்தக் கண் நிஜமாகப் பார்க்கிற கண் என்பதை அத்தனை வருடத்திலும் நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

"சக்கரை போட்டியா?"

"நெறைய."

"நல்ல பையன்."

குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிஷப்பைப் பற்றியும் ஒரு கன்றுக்குட்டியைப் பற்றியும் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் தூங்கிவிட்டாள். அந்தக் கதையின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

கோப்பையை நானே கழுவினேன். என் வாழ்நாளில் நான் கழுவிய பாத்திரம் அது ஒன்றுதான்.

பிம்லெட் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேனே ஐயா" என்றார். தம் முதல் வாக்கு பொய்க்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறுக்க முடியாது. அடக்கத்துக்கு ஊரார் மட்டும் வந்தார்கள். கல்லில் லண்டனுக்குத் தெரிந்த தேதியையே வெட்டச் சொன்னேன். கல்தச்சன் கொஞ்சம் விழித்தான். ஆனால் சில வருடங்களுக்கு முன்புதான், புது நாட்காட்டிக்கு மாறுகிறோம் என்று அரசாங்கமே ஒரு மாதத்திலிருந்து சில நாட்களை உருவி எறிந்திருந்தது. பெரிய இடத்துத் தேதிகளில் கேள்வி கேட்பதை ஜனங்கள் அத்தோடு விட்டிருந்தார்கள். கசாப்புக்காரன் மட்டும் தொப்பியைத் திருகிக்கொண்டு வந்து நின்றான்.

"கல்லுல இருக்கிற தேதிக்கு அப்புறம், போன வாரங்கூட அம்மா ஜன்னல்ல நின்னு எனக்குக் கைய ஆட்டுனாங்களே ஐயா?"

"அவ ஆவி உங்களையெல்லாம் விட்டுப் போக மனசில்லாம அலையுது" என்றேன்.

அவன் தேம்பித் தேம்பி அழுதான். அடுத்த தேர்தலிலும் எனக்குத்தான் ஓட்டுப் போட்டான்.

ஆஷ்கோம் வீட்டு விருந்தில் கவிதையை வாசித்தேன். மாடிப்படி காலியாக இருந்தது. கடைசி வரிகளில் என் குரல் உடைந்துபோயிற்று, நடிப்பில்லை. அமைச்சர் எழுந்து வந்து என்னைத் தழுவிக்கொண்டார். வைகவுண்ட் ஆனேன். பின்ஃபோர்ட் முழுக்க என் பெயருக்கு வந்தது. அந்த நான்கு வரிகளைப் பள்ளிப் பெண்கள் துணியில் பின்னுகிறார்கள். முன்பின் தெரியாத ஊர்களின் கல்லறைகளில் வெட்டியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் வாசித்தால் அழுகை வந்துவிடும். அன்பில்லாதவனுக்கு அப்படி அழுகை வருமா, சொல்லுங்கள்?

நீங்கள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டீர்கள். ஒயினைத் தொடவே இல்லை.

சரி. நீங்கள் விதிப்பதைக் கேட்டுக்கொள்கிறேன். பின்ஃபோர்டை அவளுடைய தங்கை பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். கொடுத்துவிடுகிறேன், எனக்கு இனி எதற்கு? நீதிபதியைக் கூப்பிட்டு, நஞ்சு கொடுத்தது நான்தான் என்று என் வாயால் சொல்லச் சொல்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஒரு பிரபுவை விசாரிக்க மற்ற பிரபுக்கள் கூட வேண்டும். அவர்கள் எழுந்து, பொய்முடி தேடி, சபைக்கு வந்து சேர்வதற்குள் இந்தக் கால் என்னைக் கொண்டுபோய்விடும். எப்படியானாலும் சொல்கிறேன். நான் ஒளிக்கிறவன் இல்லை.

இன்னொன்று கேட்டீர்களே. ஆயுள் முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகி, கூடவே சிரித்துப் பழகிய ஒருவன், இன்னும் ஒரு சிரிப்புக்குப் பயந்தா பெண்டாட்டியைக் கொன்றான் என்று. நீங்கள் வயதுக்கு மீறிய கூர்மைக்காரர், சாமி.

இல்லை. சிரிப்பைத் தாங்கியிருப்பேன். அன்று கண்ணாடி முன்னால் மாவு பூசிய முகத்தோடு திரும்பி அவள் இன்னொன்றும் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். "கடைசி நாலு வரிக்கு வந்ததும் நீ நிறுத்திரு மைல்ஸ். அத நான் சொல்றேன். காய்ச்சல்ல நான் சொன்னதுதான, எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு. கழுதைக்கு அப்படி எழுத வராதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

நீதிபதியிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரை போட்டதுவரை சொல்கிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள். காய்ச்சலில் கிடந்த ஒருத்தி எதையோ முனகினாள். பேனாவைப் பிடித்திருந்தது என் கை. அந்த நான்கு வரிகளை எழுதியது நான்தான், சாமி.